நீராவி இன்ஜின் பாய்லர் வெடிப்பது ஏன்? போர்க்கால நாசவேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கிங்ஸ் சர்க்கிளில் நீங்கள் ஏறும் ஹார்பர் ரயிலில் பாய்லர் கிடையாது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியதே ஹார்பர் பாதையில்தான்: 1925 பிப்ரவரி 3, விக்டோரியா டெர்மினஸ் - குர்லா. ஆனால் இரண்டாம் உலகப் போர் காலத்தில் நாட்டின் பெரும்பாலான ரயில்களை இழுத்தது நீராவி இன்ஜின்தான்.

பாய்லரில் என்ன ஆபத்து?

நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸின் மேல்தகட்டை எப்போதும் தண்ணீர் மூடியிருக்க வேண்டும். தண்ணீர்தான் தகட்டின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மட்டம் இறங்கினால் தகடு பழுத்து, இளகி, அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிடும். உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பம் கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸ். அழுத்தம் போனதும் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகி, பல நூறு மடங்கு விரியும். வெடிப்பு என்பது இதுதான். முதலில் சிக்குவது டிரைவரும் ஃபயர்மேனும்.

இதைத் தடுக்கவே மேல்தகட்டில் ஈயம் நிரப்பிய திருகாணி இருக்கும். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி சீறி எச்சரிக்கும்.

குண்டு வைத்தால்தான் வெடிக்குமா?

இல்லை. 1943 நவம்பரில் இங்கிலாந்தின் ஹனிபோர்னில், அமெரிக்க ராணுவத்தின் எஸ்160 இன்ஜினில் மேல்தகடு சரிந்து ஒருவர் இறந்தார். நீர்மட்டக் கண்ணாடியின் வால்வு சரியாகத் திறந்திருக்கவில்லை. தண்ணீர் போதுமான அளவு இருப்பதுபோல் கண்ணாடி காட்டியது. எதிரி யாரும் அங்கே வரவில்லை.

பாய்லரைக் குறிவைத்தார்களா?

திட்டம் இருந்தது. 1941-ல் பிரிட்டிஷ் உளவு அமைப்பான எஸ்.ஓ.இ., செத்த எலிகளுக்குள் வெடிமருந்து வைத்தது. நிலக்கரிக் குவியலில் கிடக்கும் எலியை யாராவது அள்ளி அடுப்பில் போடுவார் என்பது கணக்கு. ஆனால் ஜெர்மானியர்களிடம் அவை முன்பே சிக்கிவிட்டன.

இந்தியாவில்?

1942 ஆகஸ்ட் 8 அன்று மும்பை கோவாலியா டேங்கில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. அடுத்த சில நாட்களிலேயே கோவை சிங்காநல்லூர் அருகே ஒரு சரக்கு ரயில் கவிழ்க்கப்பட்டது. இங்கெல்லாம் இலக்கு தண்டவாளம்தான், பாய்லர் அல்ல. இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் தகட்டைக் கழற்றினாலே போதும். ஆனால் இன்ஜின் சாய்ந்தால் தண்ணீரும் ஒரு பக்கம் சாயும். குழாய்கள் உடைந்து கொதிநீராவி கேபினுக்குள் பாயலாம். அரசை முடக்க நடந்த செயலில் உயிரைப் பணயம் வைக்க நேர்ந்தது, வண்டி ஓட்டிய தொழிலாளிதான்.

மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயிலை இன்றும் நீராவி இன்ஜின்தான் தள்ளுகிறது. அதன் கேபினிலும் கண்ணை எடுக்காமல் கவனிக்க வேண்டியது அந்த நீர்மட்டக் கண்ணாடியைத்தான்.