குருதி உறைவை அறியும் நுண்ணொலியியல் உணரிகள்

குருதி திரவநிலையிலிருந்து கட்டியாவதை, அதைத் தொட்டபடி அதிரும் சிறு படிகத்தின் அல்லது மென்படலத்தின் அதிர்வு மாற்றத்தைக் கொண்டு அளக்கும் கருவிகள். இவற்றுக்குச் சில துளி குருதியே போதும். உறைவுக் கோளாறை நோயாளியின் கட்டிலருகிலேயே கண்டறிவது இவற்றின் நோக்கம். இலங்கையின் கம்பளை போன்ற மலைநாட்டு ஊர்களில் அத்தகைய சோதனைக்கான தேவை விரியன் கடியால் எழுகிறது.

செயற்பாடு

உறைவின்போது துரொம்பின் என்னும் நொதியம், குருதியில் கரைந்திருக்கும் பைபிரினோஜனைப் பைபிரின் இழைகளாக மாற்றுகிறது. இழைகள் வலையாகப் பின்னி, குருதிக் கலங்களைப் பிடித்துக்கொள்ளத் திரவம் கூழாக இறுகுகிறது. இந்த இறுக்கத்தையே உணரி அளக்கிறது.

மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் படிகம் பக்கவாட்டில் அதிரும். 5 மெகாஹேர்ட்ஸில் அதிரும் படிகத்தின் ஒரு முகத்தில் நீர் பட்டாலே அதன் அதிர்வெண் ஏறத்தாழ 700 ஹேர்ட்ஸ் குறையும். நீரைவிடப் பிசுக்கான குருதி அதை மேலும் குறைக்கும். உறைவு தொடங்கியதும் அதிர்வெண் மீண்டும் சரியும், அதிர்வின் சக்தி இழப்பும் கூடும். சரிவு தொடங்கும் நேரம் உறைவு நேரத்தைக் காட்டுகிறது. சரிவின் வேகமும் அளவும் கட்டியின் தன்மையைக் காட்டுகின்றன.

வரலாறும் வகைகளும்

படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் அழுத்தமின் விளைவை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். படிகத்தில் படியும் நிறைக்கும் அதிர்வெண் மாற்றத்துக்கும் உள்ள தொடர்பை 1959இல் சவர்பிரே நிறுவினார். திரவத்துள் அதிரும் படிகத்துக்கான சமன்பாட்டை 1985இல் கனசாவாவும் கோர்டனும் தந்தனர். கட்டியின் இறுக்கத்தையே அளப்பது அதற்கும் முந்திய எண்ணம்: 1948இல் ஹார்டெர்ட் உருவாக்கிய துரொம்போஎலாஸ்டோகிராபி, குருதி நிறைந்த கிண்ணத்துள் தொங்கும் ஊசியின் அசைவைக் கொண்டு அதைச் செய்தது.

குவார்ட்ஸ் நுண்தராசு, மேற்பரப்பு ஒலியலை உணரி, சிலிக்கன் சில்லில் உருவாக்கப்படும் மென்படல ஒத்ததிர்வி ஆகியவை முக்கிய வகைகள். மென்படல ஒத்ததிர்வியால் முழுக்குருதியின் உறைவை உடனுக்குடன் பின்தொடர முடியும் என்பதை அரிசோனா அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010களில் காட்டினர். மீயொலித் துடிப்பால் கட்டியைத் தள்ளி அதன் விறைப்பை அளக்கும் 'குவாண்ட்ரா' கருவி 2019இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இது நுண்ணுணரி அல்ல, ஆயினும் ஒலியால் உறைவை அளக்கும் முறை மருத்துவமனையை எட்டிவிட்டதற்குச் சான்று.

கம்பளையும் மலைநாடும்

கண்டிக்குத் தெற்கே மகாவலிக் கரையில் அமைந்த கம்பளையைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. இத்தகைய தோட்டங்களின் சருகுகளிடையே வாழும் குழிவிரியன்கள் பெரும்பாலும் காலிலும் கைவிரலிலும் கடிக்கின்றன. கடிபட்டோரில் சிலருக்கே உறைவுக் கோளாறோ சிறுநீரகப் பாதிப்போ ஏற்படுகிறது. இந்தியாவில் தயாராகும் பன்முக விஷமுறி மருந்து குழிவிரியன் நஞ்சை முறிக்காது, கண்ணாடி விரியன் உள்ளிட்ட வேறு சில பாம்புகளின் நஞ்சுக்கே அது உரியது. எனவே கடித்தது எது, குருதி உறைகிறதா என்னும் இரண்டையும் விரைவில் அறிய வேண்டும்.

இலங்கையில் கட்டிலருகே வழக்கிலுள்ளது 20 நிமிட முழுக்குருதி உறைவுச் சோதனை. சுத்தமான, உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் சிறிதளவு சிரைக்குருதியை விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். வழிந்தோடினால் உறைவுக் கோளாறு உண்டு. உறைவைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு என்பதால், பிளாஸ்டிக் குழாயோ சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயோ முடிவைப் பிறழச் செய்யும். இச்சோதனை நச்சேறிய பலரைத் தவறவிட்டு, விஷமுறி மருந்து கொடுப்பதைத் தாமதப்படுத்தியதை 2013இல் வெளியான இலங்கை ஆய்வொன்று காட்டியது. சரியான குழாயைக் கொண்டு பயிற்சி பெற்றோர் செய்த பிந்திய ஆய்வில் முடிவு மேம்பட்டது. பாம்புக்கடி ஆய்வுகளில் பேராதனையை மையமாகக் கொண்ட தெற்காசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் குழுமத்துக்கு முக்கிய பங்குண்டு.

வரம்புகள்

5 மெகாஹேர்ட்ஸ் படிகத்தின் அதிர்வு நீரில் ஒரு மீட்டரின் நூறு கோடியில் 250 பங்கு ஆழமே ஊடுருவும். ஆகவே உணரி காண்பது தன் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டுமே. அங்கே புரதம் ஒட்டிக்கொண்டாலோ செங்கலங்கள் படிந்தாலோ உறைவுபோலத் தோன்றும். வெப்பநிலை மாற்றமும் அதிர்வெண்ணைக் குழப்பும் என்பதால் குருதியை 37 பாகை செல்சியசில் வைத்தே அளக்க வேண்டும். சில்லை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதால், கண்ணாடிக் குழாய்க்கு மாற்றாக வர அதன் விலையும் தாழ வேண்டும்.