ஈசான் கேனும் ஹார்டாங்கர் பிடிலும்: தாய்லாந்து – நார்வே இசைக் கலப்பின் ஆதாரம்

தாய்லாந்து, நார்வே நாட்டார் இசைகளை ஒரே படைப்பில் இணைக்க எளிதாகத் தோன்றும் வழி, இரண்டையும் ஐந்து சுரங்களுக்குள் சுருக்கிப் பியானோவின் சமச்சுருதியில் எழுதிவிடுவது. அத்தகைய இசையில் இரு மரபுகளின் மெட்டுகளும் இருக்கும். அவற்றின் தொனி இருக்காது. சுர வரிசையில் ஒற்றுமை தேடுவதைவிட, இரு மரபுகளும் ஆதார ஒலியைக் கையாளும் முறையில் தேடுவதே பலன் தரும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சுருதி வேற்றுமை சிறியதன்று. 1885இல் லண்டன் வந்திருந்த சியாம் (இன்றைய தாய்லாந்து) அரசவைக் குழுவின் கருவிகளை ஆராய்ந்த அலெக்சாண்டர் எல்லிஸ், அவற்றில் ஸ்தாயி ஏறத்தாழ ஏழு சம பாகங்களாகப் பிரிந்திருப்பதாக முடிவுசெய்தார். அப்படியானால் ஒரு படி சுமார் 171 சென்ட் (ஸ்தாயியை 1200ஆகப் பகுக்கும் அலகு). கருவிக்குக் கருவி இது மாறும் என்பதால் இதை விதியாகக் கொள்வதற்கில்லை. நார்வேயின் செல்யெஃப்லோய்டே, வில்லோ மரப்பட்டையில் செய்யும் குழல். அதில் விரல் துளைகளே இல்லை. நுனியைத் திறந்தும் மூடியும் ஊதிச் சீரிசைகளை (ஹார்மோனிக்ஸ்) எழுப்புகிறார்கள். இந்த இயற்கைச் சுர வரிசையைப் பற்றி நார்வே இசையமைப்பாளர் ஐவின் குரோவன் 1927இல் தனி நூலே எழுதினார். எட்டாம் சீரிசையை ஆதாரமாக வைத்தால் பதின்மூன்றாவது 841 சென்டில் நிற்கும். சமப்பகுப்பில் தாய்லாந்தின் ஆறாம் சுரம் 857. இரண்டும் நெருங்கியே ஒலிக்கும். மூன்றாம் சுரத்தில் நிலைமை வேறு: குழலின் 386க்கு எதிரே சமப்பகுப்பின் 343. இதைச் சமச்சுருதியால் மறைத்தால் இரு பக்கமும் இழப்புதான்.

ஆகவே, இச்சமப்பகுப்பை ஒட்டிய பாங்காக்கின் பிபாட் என்ற மரபு வாத்தியக் குழுவைவிட வடகிழக்கு ஈசான் பகுதியின் கேன் பொருத்தமான தொடக்கம். பொதுவாகப் பதினாறு மூங்கில் குழல்களும் உலோக நாக்குகளும் கொண்ட இந்த வாய்க்கருவியின் ஏழு சுரங்கள், ஐரோப்பியச் செவிக்குப் பழகிய அளவுக்கு அருகில் உள்ளவை. மூச்சை உள்ளிழுத்தாலும் வெளிவிட்டாலும் அதே சுரம் பிறப்பதால் ஒலி அறுவதில்லை. ‘லாய்’ எனப்படும் ஒவ்வொரு இசைமுறைக்கும் உரிய ஆதாரக் குழலின் துளையை மெழுகால் அடைத்துவிட்டால், அது வாசிப்பு நெடுகத் தொடர்ந்து ஒலிக்கும். நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலும் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. அதன் பாலம் தட்டையானது. வில் ஒரே நேரத்தில் இரு தந்திகளைத் தொடுகிறது. அடியில் ஓடும் நான்கைந்து ஒத்ததிர்வுத் தந்திகள் மெட்டின் நிழலாக அதிர்கின்றன. கேனின் நாக்குகளை மேடையில் திருத்த முடியாது; பிடிலுக்கோ இருபதுக்கும் மேற்பட்ட தந்தி இசைவுமுறைகள் மரபிலேயே உள்ளன. எனவே பிடில்தான் கேனுக்கு இணங்க வேண்டும். மரபு மீறாமல் அது இணங்கவும் கூடும் என்பதே இக்கூட்டணியின் பெரும் வலிமை.

தாளம்தான் கடினமான இடம். நார்வேயின் ஸ்பிரிங்கார் நடனத்தில் மூன்று அடிகளும் சமமல்ல: டெலமார்க்கில் நீளம், நடுத்தரம், குறுகல், வால்ட்ரெஸில் குறுகல், நீளம், நடுத்தரம். கலைஞரின் பாதமே அதன் அளவுகோல். ஈசானின் மோர்லாம் என்ற நாட்டார் பாடலுக்குத் துணைபோகும் கேனின் துடிப்போ சீரானது. ஸ்பிரிங்காரைக் கணினியில் நிரவிச் சமமாக்குவது அதன் நடனத்தையே அழிப்பதாகும். அது ஒலிக்கும்போது கேன் நீண்ட ஆதார ஒலியில் மட்டும் நிற்கலாம். சேர்ந்து நடக்க வேண்டிய பகுதிகளுக்குச் சீரான நடையுள்ள கங்கார் என்ற நார்வே நடனத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

இசைக்குறிப்பின் எல்லைக்கு நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் அனுபவம் சான்று. நூட் டாலே என்ற பிடில் கலைஞர் வாசித்தவற்றை வயலின் கலைஞர் யோஹான் ஹால்வோர்சென் 1901இல் எழுதியெடுத்தார். அவற்றிலிருந்து கிரீக் ‘ஸ்லொட்டர்’ (ஓப்பஸ் 72) என்ற பியானோ தொகுப்பை உருவாக்கினார். பியானோவில் ஒத்ததிர்வுத் தந்தி இல்லை, சுருதியும் மாற்ற முடியாதது. ஹால்வோர்செனின் மூலக்குறிப்புகளும் 1903இல் உடன் வெளிவந்ததால், எது மாறியது என்பதை வாசகர் ஒப்பிட்டறிய முடிந்தது. தாய்லாந்து – நார்வே கலப்புப் படைப்புகளும் இருதரப்புக் கலைஞர்களின் மூல வாசிப்பைப் பதிவுசெய்து இசைக்குறிப்புடன் வெளியிட வேண்டும்.