சிப்பத்தின் எடையும் முதுகுத்தண்டும்: காங்கேயம் வட்டாரத்தில் அறுவையில்லா வலிச் சிகிச்சை குறித்து

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்துப் பெயரிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. கொஞ்ச நாளிலேயே தமிழகச் சந்தையில் 26 கிலோ சிப்பம் தலைகாட்டியது. ஒரு கிலோ கூடினால் வரி கிடையாது. அதற்கு முன் 75 கிலோ, 100 கிலோ மூட்டை புழங்கிய காலமும் உண்டு. வயது வந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. ஆனாலும் அரிசி ஆலைகளும் கொப்பரைக் களங்களும் நெருங்கிக் கிடக்கும் காங்கேயத்தில் லோடுமேன் ஒருவரின் முதுகில் ஏறும் எடையைக் கடைசியாக மாற்றியது வரிச்சட்டம்தான். மருத்துவத்துக்கு அதில் பங்கில்லை.

முதுகு, மூட்டு, நரம்பு வலிகளுக்கு நாம் எழுதித்தரும் அறுவையில்லாச் சிகிச்சையில் பெரும்பகுதி (மாத்திரை, பெல்ட், ஓய்வு, பயிற்சித் தாள்) நோயாளியின் உடம்போடு முடிந்துவிடுகிறது. வலி முடக்கமாக மாறுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் காரணிகள் பல வேலைத்தலத்தில் இருக்கின்றன. அவற்றை மருந்துச்சீட்டுக்குள் கொண்டுவராத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எதிர்வாதத்தைப் பார்த்துவிடலாம், அது வலுவானது. சுமை தூக்கியதால் ஜவ்வு (முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள வட்டு) தேய்ந்தது என்று ஊரே நம்புகிறது. ஃபின்லாந்தில் 115 இணை ஒத்த ஆண் இரட்டையர்களை ஆராய்ந்து பட்டியே குழுவினர் 1995-இல் வெளியிட்ட முடிவு அந்த நம்பிக்கையை அசைத்தது. ஒருவர் வாழ்நாளெல்லாம் பாரம் தூக்கியவர், உடன்பிறந்தவர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்றாலும் இருவரின் வட்டுகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. தேய்மான வேறுபாட்டில் உடலுழைப்புக்கு உரிய பங்கு ஒற்றை இலக்க விழுக்காடு. மரபும் குடும்பச் சூழலும் பல மடங்கு பெரிய பங்கு வகித்தன. அப்படியானால் மூட்டையைக் குறை சொல்வானேன்?

படத்தில் தெரியும் தேய்மானமும் மனிதர் படும் வலியும் ஒன்றல்ல என்பதே பதில். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து பிரின்ஜிக்ஜி குழுவினர் 2015-இல் தந்த கணக்கின்படி, இருபது வயதிலேயே 37 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது, 30 விழுக்காட்டினருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. எண்பது வயதில் தேய்மானம் 96 விழுக்காடு. தலைநரையைப் போல முதுகுக்குள்ளும் ஒரு நரை உண்டு, அதைப் படம் பிடித்துக் காட்டிவிடுகிறோம். சுமை அந்த நரைக்குப் பெரிய காரணமல்ல. வலி வந்த மனிதர் திரும்ப வேலைக்குப் போக முடியுமா, போனால் எத்தனை நாள் தாங்குவார் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. இரட்டையர் ஆய்வு என் வாதத்துக்கு எதிரானதன்று. அது கேட்ட கேள்வி வேறு.

இந்த வகை ஆராய்ச்சியில் கோவைக்குத் தனிப் பங்குண்டு. 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர் செய்த முதுகுத்தண்டு ஆய்வுகள் உலகப் பாடநூல்களில் இடம்பிடித்தவை. இரத்தக்குழாய் இல்லாத வட்டுக்குள் ஊட்டம் எப்படிப் பரவுகிறது என்பதை உயிருள்ள மனிதரிலேயே படமெடுத்துக் காட்டிய 2004 ஆய்வு ஒன்று. பிதுங்கிய வட்டுகளில் 65 விழுக்காட்டில் முதலில் விட்டுப்போவது வட்டின் நார்வளையமல்ல, வட்டு எலும்போடு சேரும் விளிம்புத்தகடு என்று 181 பேரிடம் கண்ட 2013 ஆய்வு இன்னொன்று. நம் பேச்சுக்கு இவ்விரண்டையும்விட முக்கியமானது 2021-இல் வந்த சிறிய ஆய்வு. முதுகுவலியோடு வந்த 44 பேரில் ஒரு பாதிக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ளதை அப்படியே விளக்கினார்கள். மறுபாதிக்கு, இவை வயதுக்கேற்ற சாதாரண மாற்றங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் அறிக்கையை முழுக்கக் கேட்டவர்களுக்கு வலி குறைந்தது குறைவு, பயம் அதிகம், நடமாட்டம் மோசம்.

சிகிச்சை ஒன்று, மாறியது சொன்ன விதம் மட்டும். அறிக்கையை மறைப்பது சரியா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கங்கா குழுவினர் முன்வைத்த தீர்வு மறைப்பதன்று. வயதோடு வரும் மாற்றங்களை நோய்போல் எழுதாமல், நோயாளியின் நிலையோடு பொருத்தி அறிக்கை எழுதும் முறை அது. “எல்-4 எல்-5 ஜவ்வு விலகியிருக்குதுங்க, இனி குனியவே கூடாதுன்னு சொல்லீட்டாங்க” என்று எம்.ஆர்.ஐ. உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்த எவருக்கும் இந்த முடிவு வியப்பளிக்காது. குனியக்கூடாது என்ற அந்த ஒரு சொல் குடும்பத்தின் ஓராண்டு வரும்படியைத் தின்றுவிடும்.

குனிவது உண்மையில் என்ன செய்கிறது? வில்கே குழுவினர் 1999-இல் தன்னார்வலர் ஒருவரின் இடுப்பு வட்டுக்குள்ளேயே அழுத்தமானி பொருத்தி அளந்தார்கள். நிமிர்ந்து நிற்கையில் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 1.1. அதே 20 கிலோவை 60 சென்டிமீட்டர் தள்ளி நீட்டிப் பிடித்தால் 1.8. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கினால் 2.3. ஒரே ஒரு மனிதரின் அளவுதான், அதில் பெரிய மாளிகை கட்ட முடியாது. ஆயினும் திசை தெளிவு: எடை மாறவில்லை, தூரமும் உயரமும்தான் மாறின.

கொப்பரைக் களத்தில் தேங்காய் உரிக்கும் வேலையை இந்த எண்களை வைத்துக்கொண்டு பார்க்கலாம். நிலத்தில் நட்ட இரும்புப் பாரையின் முனை தொடை உயரத்தில் இருக்கும். தரையில் குவிந்த குவியலிலிருந்து குனிந்து ஒரு காயை எடுத்து, முனையில் குத்தி, உடம்பை ஒருபுறம் சாய்த்து மட்டையைத் திருகிப் பிளந்து, இன்னும் இரண்டு மூன்று குத்தில் காயை உருவி எறிவார்கள். ஒரு காய்க்கு ஒரு குனிவு, இரண்டு மூன்று திருகல். கூலி காய்க் கணக்கில் என்றால் கை ஓயாது. இங்கே காயின் எடை பொருட்டே அல்ல. குவியல் தரையில் கிடக்கிறது என்பதுதான் பொருட்டு. அதை இடுப்பளவு மேடையில் கொட்டினால் குனிவு அத்தனையும் போய்விடும். மேடை கட்ட ஆகும் செலவு ஒரு எம்.ஆர்.ஐ. படச் செலவோடு ஒப்பிடத் தக்கதுதான். எந்த மருந்துச்சீட்டிலும் ‘மேடை’ என்று எழுதியிருப்பதில்லை.

26 கிலோ சிப்பத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. கூலி எண்ணிக்கைக்கோ டன்னுக்கோ என்றால், சிப்பம் இலேசானதும் இரண்டை ஒன்றாகத் தோளில் போட்டுக்கொள்ளத் தூண்டும். கணக்கு 52 கிலோவுக்குப் போய்விடும். எடை வரம்பு மட்டும் வைத்துவிட்டுக் கூலிமுறையை அப்படியே விட்டால் வரம்பு தானாகக் கரையும்.

இனி ஓய்வு பற்றி. கட்டிலில் கிடக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஏழு நாள் படுக்கையைவிட இரண்டு நாள் படுக்கை எந்த வகையிலும் குறைந்ததன்று என்று டேயோ குழுவினர் 1986-இல் காட்டினார்கள். படுக்காமல், வலி விடும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள் என்று 1995-இல் ஃபின்லாந்து ஆய்வு காட்டியது. நரம்பு அழுந்திக் காலில் சுரீரென்று இழுக்கும் வலியிலும்கூட, முழுதாகப் பிய்ந்து வெளியே வந்த வட்டுத்துண்டைத்தான் உடம்பு அதிகமாகக் கரைத்துவிடுகிறது. தொகுப்பாய்வு ஒன்றில் அப்படிப் பிய்ந்த துண்டுகளில் 96 விழுக்காடு தானாகச் சுருங்கின, வெறும் பிதுக்கத்தில் 13 விழுக்காடுதான். அறிக்கையில் பார்க்கப் பயங்கரமானதே கரைவதில் முந்துகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்கச் சொல்வதன் நியாயம் இங்கே இருக்கிறது.

ஆனால் அந்தப் பொறுமைக்குக் காசு வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதுவும் முற்றாக விடுப்பில் இருந்தால்தான். பாதிச் சுமையோடு, பாதி நேரத்துக்கு வேலைக்குத் திரும்புகிறவருக்கு இழந்த மீதியை ஈடுசெய்ய வழியில்லை. மருத்துவ அறிவு படிப்படியாகத் திரும்பு என்கிறது, காப்பீட்டு விதி கிடந்தால் காசு என்கிறது. மேஸ்திரி வழியாக வந்துபோகும் லோடுமேன்கள் பலருக்கு இந்த உதவியும் எட்டாது. அவர்கள் மருந்துக்கடையில் “வலிக்கு ஒரு செட்” வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் செட்டில் ஸ்டீராய்டு இருந்தால் அன்றைக்கு மூட்டை ஏறிவிடும். சர்க்கரையும் எலும்பும் பிற்பாடு கணக்குக் கேட்கும். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகமும் கேட்கும்.

பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் கொங்குப் பகுதியில் செல்வாக்கானவை. நாட்பட்ட முதுகுவலிக்கு இவ்விரண்டையும் வழக்கமாகத் தரவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உடற்பயிற்சியையும் விளக்கமான பேச்சையும் அது ஏற்கிறது. சுளுக்கெடுப்பவர்களிடம் போவதைக் கேலி செய்யும் சக மருத்துவர்கள், முதுகைப் பிடித்து நீவும் சிகிச்சைகளையும் அதே வழிகாட்டி அனுமதிக்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

முழங்கால் மூட்டைப் பற்றியும் மணிக்கட்டைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன், தர்க்கம் ஒன்றுதான். முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத்தசைப் பயிற்சியும் எடைக்குறைப்பும்தான் அடித்தளம். மெஸ்ஸியர் 2005-இல் கணக்கிட்டபடி, உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. களத்தில் குத்தவைத்துக் கொப்பரை தோண்டும் பெண்ணுக்கு ஒரு முக்காலி கொடுப்பதும் அதே கணக்கில் சேரும். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுபவருக்கு இரவில் கை மதமதத்து விழிப்பு வந்தால், இரவில் மட்டும் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை முதல் சிகிச்சை. தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு பாதமும் ஒருசேர எரிந்தால் முதுகைப் படமெடுக்கும் முன் சர்க்கரையையும், நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவரென்றால் பி-12 அளவையும் பார்ப்பது செலவு குறைந்த அறிவு.

காத்திருக்கக் கூடாத வலிகளும் உண்டு. மூத்திரம் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். இராத்திரியில் கூடும் வலியோடு காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தால் எலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். அறுவையில்லாச் சிகிச்சைக்குத் தமிழகம் உலகுக்குத் தந்த மிகப்பெரிய சான்று அந்த நோயில்தான் கிடைத்தது. நடமாடியபடியே மருந்து உண்ட முதுகுக் காசநோயாளிகளையும், அறுவையோடு மருந்தும் பெற்றவர்களையும் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் பத்தாண்டு பின்தொடர்ந்தது. 1999-இல் வந்த அறிக்கைப்படி நடமாடியவர்கள் ஒட்டுமொத்தப் பலனில் பின்தங்கவில்லை. நடக்கவே முடியாத அளவு கால் விழுந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே வெற்றி பெற்றது சும்மா இருப்பது அல்ல. மாத்திரை தவறாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஓர் அமைப்பு இருந்தது.

முதுகுவலிக்கு அப்படி ஓர் அமைப்பு ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், களத்துக்குப் போவதில்லை. அதே ஆண்டு கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழகம் சட்டம் திருத்தியது. உட்காரும் உரிமையைச் சட்டமாக்க முடிந்த அரசுக்கு, மூட்டை அடுக்கும் உயரத்தை விதியாக்குவது எட்டாக் காரியமில்லை. அதுவரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் சீட்டில் மூன்று வரி கூட்டலாம்: என்ன தூக்குகிறார், எந்த உயரத்திலிருந்து, கூலி எந்தக் கணக்கில்.