நடுக்குவாத மருந்தும் இருதயமும்

மருந்துகளின் வரலாறு பல சமயங்களில் மனிதர் எதிர்பாராத வழியிலே சென்றிருக்கிறது. ஓர் உறுப்பின் நோயைத் தீர்க்கப் புறப்பட்ட மருந்து மற்றோர் உறுப்பின் இரகசியத்தை வெளிப்படுத்தியதும் உண்டு. ஒன்றைக் காத்த மருந்து மற்றொன்றுக்கு ஊறு செய்ததும் உண்டு. நடுக்குவாதம் என்று நாம் வழங்கும் பார்க்கின்ஸன் நோயின் மருந்துகள் இவ்விரண்டுக்கும் சான்றாகும். வடாலாவிலும் மாதுங்காவிலும் வாழும் நமக்கு இஃது அயலார் கதையன்று. இதன் ஓர் அதிகாரம் சென்னையிலும், மற்றோர் அதிகாரம் நமக்கு அண்மையிலுள்ள பரேலிலும் நிகழ்ந்தது.

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817-ஆம் ஆண்டில் இந்நோயின் குறிகளை ஒரு சிறு நூலில் விவரித்தார். ஆயினும் நூறாண்டுகளுக்கு மேலாகியும் அதன் காரணம் விளங்கவில்லை. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர், நம் நாட்டுப் பூனைக்காலி விதையிலிருந்து ‘டோபா’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். நடுக்குவாதத்துக்கு உற்ற மருந்து அதுவே என்பதை அன்று எவரும் அறியார்.

அதை அறிவதற்கு இருதய மருத்துவம் வழி திறந்தது. பரேலிலுள்ள கிங் எட்வர்ட் நினைவு மருத்துவமனையின் இருதய நிபுணர் ருஸ்தம் ஜால் வகீல், சர்ப்பகந்தா வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதை 1949-இல் ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் அம்மூலிகையை நோக்கித் திரும்பியது. 1952-இல் அதன் சத்தாகிய ‘ரிசெர்பின்’ பிரிக்கப்பட்டது. ஆனால் அதை உட்கொண்டோரிற் சிலருக்கு நடுக்குவாதக் குறிகள் தோன்றின. 1957-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்ஸன், ரிசெர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபாவைச் செலுத்தினார். அவை எழுந்து நடமாடின. மூளையில் ‘டோபமின்’ குறைவதே நோயின் மூலம் என்பது இவ்வாறு புலனாயிற்று. 1961-இல் வியன்னாவிலும், 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்ஸியாஸ் கையாண்ட பேரளவு முறையிலும், டோபா நோயாளிகளை நடக்கச் செய்தது.

அப்போதுதான் இருதயம் தன் கணக்கைக் கேட்டது. உட்கொண்ட டோபாவிற் பெரும்பகுதி, மூளையை அடையுமுன்னரே உடலெங்கும் டோபமினாக மாறிவிடும். அதனால் சிலருக்கு நாடித் துடிப்பு ஒழுங்கு தவறியது. எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வந்தது. இம்மாற்றத்தைத் தடுக்கும் ‘கார்பிடோபா’வைச் சேர்த்துத் தரும் முறை 1970-களில் வந்தபின் துடிப்புக் கோளாறு பெரிதும் குறைந்தது. நிற்கையில் வரும் தலைச்சுற்றல் முற்றிலும் நீங்கவில்லை.

பின்னர் வந்த மருந்துகள் வேறொரு சோதனையைக் கொணர்ந்தன. தானியக் கதிரைப் பற்றும் எர்காட் என்னும் பூஞ்சக்காளானின் வழிவந்த பெர்கோலைடு, கேபெர்கோலின் ஆகியவை டோபமினைப் போலவே வேலை செய்தன. ஆனால் அவை இருதய வால்வுகளின் உயிரணுக்களையும் தூண்டின. இதழ்கள் தடித்து, சரிவர மூடாமல், இரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், பெர்கோலைடு உண்டோரில் நூற்றுக்கு 23 பேருக்கும், கேபெர்கோலின் உண்டோரில் நூற்றுக்கு 29 பேருக்கும் கணிசமான கசிவு காணப்பட்டது. எர்காட் வழிவராத மருந்தை உண்டோரில் ஒருவருக்கும் அத்தகைய கசிவு இல்லை. அவ்வாண்டே அமெரிக்கச் சந்தையிலிருந்து பெர்கோலைடு விலக்கப்பட்டது. டோபாவால் வரும் குமட்டலுக்குத் தரப்படும் டோம்பெரிடோனும் இருதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடும் என்று 2014-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் எச்சரித்து, அதன் அளவையும் காலத்தையும் சுருக்கியது.

ஊரிலிருந்து முதிய பெற்றோரை அழைத்து வந்து நம்முடன் வைத்திருக்கும் இல்லங்களுக்கு இவ்வரலாறு சில கடமைகளை உணர்த்துகிறது. அவர்கள் உண்ணும் எல்லா மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, புதிய மருத்துவரிடம் தவறாது காட்டவேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பூனைக்காலிச் சூரணமும் அத்தாளில் இடம்பெற வேண்டும். அதனுள் இருப்பதும் அதே டோபா அன்றோ! படுக்கையிலிருந்து மெல்ல எழச் சொல்லவேண்டும். படபடப்போ, மூச்சுத் திணறலோ, கால் வீக்கமோ கண்டால் காலம் தாழ்த்தலாகாது. ஆயினும் அச்சத்தால் மருந்தைத் தாமே திடீரென நிறுத்துவது பேராபத்து. மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் கையிலேயே இருக்கட்டும்.