அலுவலகச் சொற்களின் பிறந்தகம்

காலையில் அலுவலகத்துள் அடியெடுத்து வைத்தது முதல் மாலையில் வீடு திரும்பும் வரை நம் நாவில் புரள்பவை ஆங்கிலச் சொற்களே. பைல், பட்ஜெட், கேன்சல், சாலரி, கேஷ் என்று அவை அணிவகுத்து நிற்கின்றன. தில்லி போன்ற நகரில் வளரும் நம் பிள்ளைகள், இவை பிறப்பிலேயே உயர்ந்த சொற்கள் என்றும், தமிழ்ச் சொற்கள் சமையலறைக்கு மட்டுமே உரியவை என்றும் எண்ணத் தலைப்பட்டுள்ளனர். அவ்வெண்ணத்தை மாற்ற விரும்பி ஒரு நாள் என் மகளிடம், "கேஷ் என்ற சொல்லே நம் காசிலிருந்து போனதுதான், தெரியுமா?" என்று பெருமையடித்தேன். அவள் அகராதியைப் புரட்டிவிட்டு, "இதில் பிரெஞ்சுச் சொல் என்றல்லவா போட்டிருக்கிறது, அப்பா?" என்றாள். எனக்கு நாணமாகிவிட்டது. அந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் என் பதவியின் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். கிளார்க் என்பதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'கிளேரோஸ்' என்றால் சீட்டுப் போட்டுப் பெற்ற பங்கு என்று பொருள். கிறித்தவத் திருச்சபை அச்சொல்லிலிருந்து தன் குருமாருக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. இடைக்கால ஐரோப்பாவில் எழுதப் படிக்க அறிந்தோர் பெரும்பாலும் குருமாரே. ஆகவே எழுதத் தெரிந்தவரெல்லாம் கிளார்க் எனப்பட்டனர். பின்னர் கணக்கும் கடிதமும் எழுதுவோருக்கு அப்பெயர் நிலைத்தது. பீரோ என்பதோ, பிரான்சு நாட்டில் மேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயரிலிருந்து வந்தது. அது துணியிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து அலுவலகத்துக்கும் ஏறிற்று. நம் வீடுகளில் துணிமணி வைக்கும் இரும்பு அலமாரியாகவும் நிற்கிறது!

கேன்சல் என்ற சொல் இலத்தீன் மொழியில் கம்பி அழியைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. எழுத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டால் அது அழி போலத் தோன்றும் அன்றோ? தமிழிலும் 'அழி' என்பது கம்பித் தடுப்பையும் குறிக்கும், துடைத்து நீக்குவதையும் குறிக்கும் என்பது தற்செயலாக அமைந்த ஒற்றுமை. பட்ஜெட் என்பது சிறு தோற்பை. நம் நிதியமைச்சர் 2019-இல் தோற்பெட்டியை விடுத்துச் சிவப்புத் துணியில் பொதிந்த ஏட்டையும், 2021-இல் கையடக்கக் கணினியையும் ஏந்தி வந்தார். தோல் போயிற்று, தோற்பையின் பெயர் போகவில்லை.

பைல் என்ற சொல்லின் கதை நமக்கு நெருக்கமானது. இலத்தீனில் 'பீலம்' என்றால் நூல். முற்காலத்தில் ஐரோப்பிய அலுவலகங்களில் தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்துத் தொங்கவிட்டனர். அக்கோவையே பைல் ஆயிற்று. நம் முன்னோர் ஓலைகளில் துளையிட்டுக் கயிற்றில் கோத்துச் சுவடியாக்கினர். இன்று நாம் வழங்கும் 'கோப்பு' என்ற சொல்லும் கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்ததே. அங்கு நூல், இங்குக் கயிறு. ஆனால் கண்ட காட்சி ஒன்றே. இப்போது கோப்புகள் கணினித் திரைக்குச் சென்றுவிட்டன. அங்குத் துளையுமில்லை, நூலுமில்லை. சொல் மட்டும் அந்நூலை இன்னும் பற்றிக்கொண்டிருக்கிறது.

சாலரி என்பது உப்பைக் குறிக்கும் 'சால்' என்ற இலத்தீன் சொல்லோடு உறவுடையது. இதனைக் கி.பி. 79-இல் மறைந்த மூத்த பிளினி என்னும் உரோம அறிஞரே எழுதியுள்ளார். ஆனால் படைவீரருக்கு உப்பையே ஊதியமாக அளந்து கொடுத்தனர் என்று மேடைதோறும் சொல்லப்படும் கதையை அவர் சொல்லவில்லை. அது பிற்காலத்தார் கட்டியது. நம்மிடையேயும் சம்பாவும் அளமும் சேர்ந்தே சம்பளம் ஆயிற்று என்போர் உண்டு. வடமொழியில் 'சம்பலம்' என்றொரு சொல் இருக்கிறது. வழிப்பயணத்துக்குக் கட்டிச் செல்லும் உணவு என்பது அதன் பொருள். நம் சொல்லை அதனோடு இணைத்துக் காண்பாரும் உளர். ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் நமக்கு, சம்பளத்தைக் கட்டுச்சோறு என்பது பொருந்தாமலா போகும்?

இனி என்னை நாணச் செய்த கேஷுக்கு வருவோம். என் மகள் கண்டது மெய். ஆனால் பாதி மெய். ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. ரொக்கத்தைக் குறிப்பது, பெட்டி என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகிவந்தது. மற்றொரு கேஷ் நம் காசே. போர்த்துகீசியர் வாய்வழி ஆங்கிலத்தில் புகுந்து, நம் சிறு நாணயத்தைக் குறித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கெழுதினர். 1818-இல் ரூபாய்க் கணக்கு வந்தது. நடுவில் சதுரத் துளையிட்டு, கயிற்றில் கோத்து வைக்கப்பட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலேயர் அப்பெயரையே வழங்கினர். நம் காசு என்ற சொல் சீனம் வரை சென்ற வரலாறு, நான் அடித்த பெருமையைவிடப் பெரிதன்றோ?

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. உலகச் சொற்கள் அனைத்தும் நம்முடையவையே என்று பேசினால், கைதட்டல் கிடைக்கும். அகராதியைப் புரட்டும் பிள்ளையின் நம்பிக்கை கிடைக்காது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்தில் ஏறியது மெய், அம்மெய்யே போதும். பிறமொழிச் சொல் கலப்பதை நம் தொல்காப்பியரும் கண்டே, திசைச்சொல், வடசொல் என இலக்கணத்தில் இடம் வகுத்தார். நூலும் உப்பும் தோற்பையும் முரட்டுத் துணியுமாகப் பிறந்த சொற்கள் உயர்ந்தது பிறப்பால் அன்று. நாள்தோறும் அவற்றைப் புழங்கியவர்களால்.

இவற்றையெல்லாம் என் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். மறுநாள் அவளது பள்ளித் தாள்களை வைத்திருந்த அட்டையின்மேல், சற்றுக் கோணலான தமிழ் எழுத்தில், 'கோப்பு' என்று எழுதியிருந்தது. ஒரு சொல் வாழ்வதற்கு அதுதான் வழி.