மொசைக் தரை டெக்ஸ்ச்சர்: காஞ்சிபுர வடிவங்களில்

மொசைக் தரை டெக்ஸ்ச்சர் என்பது, கணினியில் வரையப்படும் கற்பனை அரண்மனை, கோட்டை, கோயில் போன்ற கட்டட வரைபடங்களில் தரையை நிரப்பும் சதுரப் படத்துண்டு. ஒரே துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போனாலும் ஒட்டு தெரியாதிருப்பதுதான் இதன் இலக்கணம். தமிழ்நாட்டு வீடுகளில் மொசைக் என்று சொல்லப்படும், சலவைக்கல் துணுக்குகளைச் சிமெண்டில் கலந்து தேய்த்த தரையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிறு சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்து உருவம் எழுப்பும் தரையே இங்கே பொருள்.

இத்தகைய வரைபடங்களுக்கான தேவை கதைவிளையாட்டுகளிலிருந்து வந்தது. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974இல் வெளியானது. அதன் இன்றைய வழக்கில் வரைபடத்தின் ஒரு கட்டம் 5 அடி. இணையவழி ஆட்டத்தில் அந்தக் கட்டம் ரோல்20 தளத்தில் இயல்பாக 70 பிக்சல், ஃபவுண்ட்ரியில் 100, வரைபடம் தயாரிக்கும் டஞ்சன்டிராஃப்ட் மென்பொருளில் 256. அதே 1974இல்தான் எட்வின் கேட்மல், யூட்டா பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில், கணினி உருவங்களின் மேற்பரப்பில் படத்தை ஒட்டும் முறையை விளக்கினார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதலாம் என்று காட்டிய ஆய்வுக் கட்டுரையும் அதே ஆண்டு வெளிவந்தது. ஒருவரையொருவர் அறியாமல் நடந்த வேலைகள் இவை. ஆயினும் தரைவடிவத்தைக் கணினிக்குக் கொண்டுவந்த வரலாற்றில் தாம்பரத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காஞ்சிபுரத்தை மாதிரியாகக் கொண்டு அரண்மனை வரைபவருக்கு முதலில் ஒரு சிக்கல். ஊரின் கோயில்களில் தரை பெரும்பாலும் கருங்கற்பலகை. கண்ணைக் கவரும் வேலையெல்லாம் தூணிலும் சுவரிலும் விமானத்திலும் இருக்கிறது. ஆகவே தரைக்கான வடிவத்தைத் தறியில்தான் தேட வேண்டும். தேடினால் குறைவில்லை: மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ, கோபுரக் கரை, அன்னம், யாளி, கொட்டடிக் கட்டம். இவற்றில் கட்டமும் புள்ளியுமாக அமைந்தவை தரையில் உடனே பொருந்தும். அன்னமும் யாளியும் தலைகீழாகத் தெரியும் திசைச் சிக்கல் உள்ளவை; வரைபடத்தை ஆட்டக்காரர்கள் மேலிருந்து பார்ப்பதால் அறையின் நடுவில் ஒன்று வைக்கலாம், தரை முழுக்கப் பரப்பினால் தாங்காது.

தறி வடிவத்தை டெக்ஸ்ச்சராக மாற்றுவது பார்வைக்கு எளிது. ஜக்கார்டு நெசவில் வடிவம் முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பப்படுகிறது. ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு கொக்கி, ஒவ்வொரு கிடைவரிசையும் ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி பாவு இழைகளைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில் வலது ஓரம் இடது ஓரத்தோடும், கடைசி அட்டை முதல் அட்டையோடும் சேர்ந்தாக வேண்டும். டெக்ஸ்ச்சர் கேட்பதும் இதே ஒழுங்கைத்தான்.

இடறுவது கட்டத்தின் அளவில். ஓர் அங்குலத்தில் வரும் பாவு இழைக் கணக்கும் ஊடைக் கணக்கும் பொதுவாக ஒன்றாக இருப்பதில்லை என்பதால், அந்த விகிதத்துக்கு ஏற்ப கிராப் தாளின் கட்டமும் நீள்சதுரமாக அமையும். அதை ஸ்கேன் செய்து ஒரு கட்டத்துக்கு ஒரு பிக்சல் என்று மாற்றினால், சேலையில் வட்டமாக இருந்த மயில்கண் தரையில் முட்டை வடிவமாகிவிடும். இழைக் கணக்கைக் கேட்டுப் படத்தை நீட்டியோ குறுக்கியோ சரிசெய்த பிறகே சில்லாக மாற்ற வேண்டும்.

சில்லின் அளவிலும் உண்மைக்கு விசுவாசமாக இருந்து பயனில்லை. ரோமானியத் தரைகளில் காணும் ஒரு செண்டிமீட்டர் சில்லு, 256 பிக்சல் கட்டத்தில் இரண்டு பிக்சல்கூட வராது. 70 பிக்சல் கட்டத்தில் அரைப் பிக்சல். திரையில் அது தரையாகத் தெரியாது, தூசியாகத்தான் தெரியும். அதனால் சில்லைப் பெருக்கி 16 பிக்சலாக வைத்துக்கொள்ளலாம். 1024 பிக்சல் சதுரத்தில் அப்படி 64 சில்லுகள் ஒரு வரிசைக்கு அமையும். மயில்கண் ஒன்றுக்கு 16க்கு 16 சில்லு என்றால் பதினாறு கண்கள். சில்லுகளுக்கு இடையிலான சாந்துக் கோடு 2 பிக்சல் எனில், துண்டின் ஓரங்களில் ஒரு பிக்சல் மட்டுமே விட வேண்டும். முழுக் கோட்டையும் இரு ஓரத்திலும் வரைந்துவிட்டால், அடுக்கும்போது நான்கு கட்டத்துக்கு ஒரு முறை தடித்த கோடு ஓடி, தரை முழுவதும் பாய் விரித்தது போலாகிவிடும். கிம்ப் மென்பொருளில் படத்தைப் பாதியளவு நகர்த்திப் பார்த்தாலோ, கிரிட்டாவின் சுற்றுப் பார்வையில் வரைந்தாலோ இந்தப் பிழை உடனே கண்ணில் படும்.

நிறத்தில் பட்டைப் பின்பற்றலாம், பளபளப்பைப் பின்பற்றக் கூடாது. அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் ஆகியவற்றைச் சற்று மங்கவைத்தால் கல்லாகத் தெரியும். சரிகையின் மினுக்கத்தை அப்படியே வரைந்தால் ஒளி ஒரே பக்கத்திலிருந்து விழுவதாக ஆகி, துண்டைத் திருப்பிவைத்ததும் பொய் வெளுத்துவிடும். சரிகைக்குப் பதில் பழுப்பு மஞ்சள் கல்லே போதும். ஒவ்வொரு சில்லின் வெளிச்சத்தையும் சிறிது மாற்றினால் கை பதித்த தோற்றம் வரும். ஆனால் தனித்துத் தெரியும் கறையோ விரிசலோ துண்டில் இருக்கலாகாது. இருபது இடத்தில் அதே விரிசல் திரும்ப வந்தால் அரண்மனை அங்கேயே கலைந்துபோகும். அவற்றைத் தனி அடுக்கில் ஆங்காங்கே இடுவதே வழக்கம்.

கரைதான் கடினமான பகுதி. சேலையின் கரை நேராக ஓடி முந்தியில் முடிகிறது. மூலை திரும்புவதே இல்லை. அறையின் கரையோ நான்கு மூலையும் திரும்ப வேண்டும். தாழம்பூக் கரையை மூலைவிட்டத்தில் வெட்டிச் சேர்த்தால் பூ பாதியாக நிற்கும். இதற்கு விடை செட்டிநாட்டில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் கல்லில், நடுக்கல், கரைக்கல், மூலைக்கல் என்று தனித்தனியே வார்ப்பது உண்டு. டெக்ஸ்ச்சர் தொகுப்பும் அப்படி மூன்றாக இருந்தால் எந்த அளவு அறைக்கும் ஈடுகொடுக்கும். பல்லவர் காலக் கதைக்களத்தில் ஆத்தங்குடிக் கல்லையே பரப்புவோரும் உண்டு. சிமெண்ட் வந்த பிறகு பிறந்த கல் அது, கற்பனை உலகம் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

சிக்குக் கோலம் வேறு வகை. அதன் கோடு வெளியே போகாமல் தன்னுள்ளேயே சுற்றி மூடிக்கொள்வதால், அடுக்கும் துண்டாக அது சோபிப்பதில்லை. வாயில்படி முன்போ மண்டப நடுவிலோ தனி உருவமாகவே வைக்க வேண்டும்.

வடிவ உரிமையிலும் கவனம் வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பட்டுத்துணியின் பெயருக்கும் பிறந்த ஊருக்கும் உரிய காப்பு. வழிவழியாக வரும் மயில்கண்ணைத் தரையில் வரைவதை அது தடுப்பதில்லை. புதிதாக ஒருவர் உருவாக்கிய சேலை வடிவத்தின் நிலை வேறு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவான வடிவத்துக்குப் பத்து ஆண்டும், புதுப்பித்தால் மேலும் ஐந்து ஆண்டும் பாதுகாப்பு உண்டு. வடிவம் புதியதானால், விற்பனைக்கான டெக்ஸ்ச்சர் தொகுப்பில் சேர்க்கும்முன் அதை உருவாக்கியவரிடம் அனுமதி பெற வேண்டும்.