வளவு வடிகால் (மட்டக்களப்பு வாவிக்கரை)

வீட்டுச் சுவரோரம் தேங்கும் மழைநீரை வளவிலிருந்து வெளியேற்றும் ஏற்பாடு. மட்டக்களப்பில் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும்போதே இதன் தேவை தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மாவட்டத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது.

வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையின் மணல் தண்ணீரை விரைவாக உறிஞ்சும். ஆனால் மாரியில் நிலத்தடி நீர் மேலேறி நிற்பதால், கோடையில் நன்றாக வேலைசெய்த உறிஞ்சுகுழி டிசம்பரில் நிரம்பிக் கிடக்கும். எனவே இங்கு குழியை மட்டும் நம்புவது தவறு. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வயற்களி மண்ணிலோ நீர் இறங்குவதே மெதுவாகத்தான்.

முதலில் கூரைநீரைப் பீலியில் சேர்த்துக் குழாய்வழி சுவரிலிருந்து அப்பால் விடவேண்டும். பல வீடுகளில் இதுவே பாதிக் குறையைத் தீர்க்கும். பிறகு கிறவல் இட்டு, சுவரிலிருந்து 3 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் சரிவு அமைக்கலாம். தாழ்ந்த இடத்தில் கல் நிரப்பிய கான் வெட்டி, 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில் வீதி வடிகானுடன் இணைப்பது நல்லது. அயல் வளவுக்குள் நீரைத் திருப்புவது அநியாயம். கிணற்றருகே உறிஞ்சுகுழி தோண்டக்கூடாது.

வாவி மட்டம் உயர்ந்தால் வடிகானில் நீர் பின்னோக்கி ஏறும். அப்போது முகத்துவாரத்தின் மணற்றிட்டு வெட்டப்பட்டு வெள்ளம் கடலில் விழும்வரை, எந்த வளவும் முழுதாக வடியாது.